மூன்று கதவு கார்

4 பிப்ரவரி

மகளுக்கு,

நேற்று போனைப் பாதியில் வைத்தது நான்தான். லைன் கட்டாகிவிட்டது என்று உன்னை நீயே சமாதானப்படுத்திக்கொள்ளாதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ அதை முடித்து வைக்கிறாய், அதுவும் தப்பாக. கடிதத்தில் அந்த வேலை நடக்காது, கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும். இனிமேல் இந்தக் கார் விஷயம் முழுக்கக் கடிதத்தில்தான். என் பேத்தி வாண்டு பேசுவதாக இருந்தால் மட்டும் போன் பண்ணு. நடுவில் நீ வாங்கிப் பேசினால் வைத்துவிடுவேன்.

இந்த மாதக் கடைசியோடு பள்ளிக்கூட பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். இறங்கும்போது பள்ளி கொடுக்கும் பணத்தில் ஒரு கார் வாங்குவேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் தலையாட்டினாய். இப்போது எந்தக் கார் என்று தெரிந்ததும் குதிக்கிறாய்.

நான் பார்த்தது ஒரே காரின் இரண்டு வகை. முகம் ஒன்றுதான், அக்கா தங்கை மாதிரி. ஒன்று சாது. சின்ன எஞ்சின், ஐந்து கதவு, பெட்ரோலை நாக்கில் தொட்டுக்கொண்டே ஓடிவிடும். இன்னொன்று அதே காருக்குப் பிசாசு பிடித்த மாதிரி. டர்போ எஞ்சின், அகல டயர், தரையோடு ஒட்டின உடம்பு, மூன்றே கதவு: பக்கத்துக்கு ஒன்று, பின்னால் டிக்கிக்கு ஒன்று.

சேல்ஸ்மேன் என்னைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், நேராகச் சாதுவிடம் கூட்டிக்கொண்டு போனார். "உங்களுக்கு இது போதும்மா. கடை கண்ணிக்குப் போயிட்டு வரலாம். செலவே வைக்காது."

"அது யாருக்கு?" என்று மற்றதைக் காட்டினேன்.

"அது பசங்க ஓட்டுற வண்டிம்மா."

"நான் பஸ் ஓட்டுறவ."

சிரித்தார். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைப்பு. லைசென்ஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். கனரக வாகனம் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதற்கப்புறம் அவர் பேச்சில் 'போதும்' வரவே இல்லை.

ஓட்டிப் பார்த்தேன். பஸ்ஸில் வேகத்தைக் கட்டிப்போடும் கருவி இருப்பது உனக்குத் தெரியும். ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பஸ் கேட்காது. இந்தக் காரில் முள் அந்த அளவுக்கு வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. "இன்னும் மிதிக்கலாம்மா, ரோடு காலியாத்தான் இருக்கு" என்றார். மிதித்தேன். முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகச் சிரித்தேன். அவர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அங்கேயே பதிவு செய்துவிட்டேன். ஆரஞ்சு நிறம். சந்தோஷமாக உனக்குப் போன் பண்ணினால், "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்று கேட்கிறாய். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? கெடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா


11 பிப்ரவரி

அம்மா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் வெறும் அம்மா.

போன் இருக்கும் காலத்தில் தபாலில் சண்டை போடுகிற ஒரே குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும். லேபில் ரத்த சாம்பிள்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, காதல் கடிதமா என்று கேட்கிறாள்.

டெஸ்ட் டிரைவ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாய். மீதியை நான் சொல்கிறேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்று ஷோரூமில் என் நம்பரைத்தானே கொடுத்திருக்கிறாய்? அன்றைக்கே கூப்பிட்டார்கள். "பதறாதீங்க மேடம், உங்கம்மா நல்லா இருக்காங்க" என்று ஆரம்பித்தார்கள். அப்படி ஆரம்பித்தால் எவளுக்குப் பதறாது?

ஆள் இல்லாத ரயில்வே கேட்டில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரயிலே இல்லாதபோது, காரை நிறுத்தி, நான்கு பக்கமும் விளக்கைச் சிமிட்டவிட்டு, கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டிக் காது கொடுத்துக் கேட்டாயாம். பின்னால் வந்த வேன்காரன் என்ன செய்வான்? இடித்தான். புத்தம்புதுக் காரின் பின்பம்பர் தொங்கியதாம். நீ இறங்கிப் போய் அவனிடம், "தண்டவாளத்துல நின்னு கேட்டுட்டுப் போகணும்னு உனக்கு யாரும் சொல்லித்தரலையா" என்று சண்டை போட்டாயாம்.

அம்மா, அது பஸ் விதி. உன்னிடம் அன்றைக்கு இருந்தது பஸ் இல்லை, காரில் பிள்ளைகளும் இல்லை. கை பஸ்ஸிலேயே இருக்கிறவளுக்கு இந்த அம்பு மாதிரிப் பாயும் வண்டி எதற்கு?

நிதானமாக யோசி. அந்த அகல டயர் தேய்ந்தால் மாற்றுவதற்கு உன் வீட்டுச் செலவில் ஒரு மாதம் போய்விடும். பெட்ரோலும் உயர் ரகம்தான் போட வேண்டும். இன்சூரன்ஸ் வேறு. சஸ்பென்ஷன் கட்டை மாதிரி, சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் உன் இடுப்பு எண்ணும். வருமானம் நின்ற பிறகு இதெல்லாம் எங்கிருந்து வரும்? இரண்டும் ஒரே கார்தான் என்று நீயே சொல்கிறாய். பிறகு சாதுவை வாங்குவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கதவு. பின்னால் கதவே இல்லாத காரில் குழந்தை சீட்டை எப்படி மாட்டுவாய்? முன்சீட்டை மடக்கி, குனிந்து, வாண்டுவை உள்ளே திணித்து, பெல்ட்டைத் தேடிப் பிடித்துப் போட்டு, தினம் இரண்டு வேளை. உன்னால் முடியுமா? மழை நாளில் அவள் அடம்பிடிக்கும்போது முடியுமா? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ யோசிக்கவில்லை.

பதிவை மாற்றிவிடு. ஒரு போன் போதும்.

மகள்


17 பிப்ரவரி

மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டாம் தரம் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. 'தினம் இரண்டு வேளை.'

வாண்டு இருப்பது உன் ஊரில். நான் இருப்பது இங்கே. இடையில் ஒரு நாள் பயணம். அவளைத் தினம் இரண்டு வேளை நான் எப்படிக் காரில் ஏற்றுவேன்? இங்கிருந்து கையை நீட்டியா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் போனேன். மிஷினை நிறுத்தினாள். ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். மாடி வீட்டுக்கு நல்ல குடும்பமா ஆள் பாத்து வைங்கன்னு உன் பொண்ணுதான் சொன்னா. நீ அங்க போயிடப் போறன்னு சொன்னா."

நான் போகப்போகிறேன் என்பதைத் தையல்காரம்மா சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். எவ்வளவு அழகு. என் கட்டிலை எங்கே போடுவது என்றுகூட முடிவாகியிருக்குமே? அந்த அலமாரி அறையிலா? துணி காயப்போடும் பக்கமா?

இப்போது எல்லாம் புரிகிறது. உனக்கு என் இடுப்பைப் பற்றிய கவலையும் இல்லை, டயரைப் பற்றிய கவலையும் இல்லை. என் பணத்தில், உன் வசதிக்கு, உன் மகளுக்குக் கதவு இருக்கிற ஒரு கார். கூடவே சம்பளம் இல்லாத டிரைவர். கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்காமல் என் தலையில் கட்டப் பார்த்தாய் பார், அதில்தான் வயிறு எரிகிறது.

ஏன் எனக்கு அந்தக் காரைப் பிடித்தது என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா? வேகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வேகம் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் கையெழுத்துப் போட்டது வேகத்துக்காக இல்லை. பின்சீட்டில் ஏறிப் பார்த்தேன். ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. காலை வைக்க இடம் இல்லை, தலை கூரையில் முட்டுகிறது, ஜன்னல் திறக்காது. சேல்ஸ்மேன் சங்கடப்பட்டு, "பின்சீட்டு சும்மா பேருக்குத்தாம்மா, யாரும் உக்கார மாட்டாங்க" என்றார். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த நாளிலிருந்து என் பாதிக் கண் முன்னால், பாதிக் கண் கண்ணாடியில். யார் எழுந்து நிற்கிறான், யார் கையை வெளியே நீட்டுகிறான், யார் வாந்தி எடுக்கப் போகிறாள், யார் தூங்கிப்போய் இறங்காமல் விட்டுவிட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசை வரை நடந்து போய்ச் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பூட்டுவேன். வீட்டுக்கு வந்து படுத்தாலும் பார்த்தோமா பார்க்கவில்லையா என்று திடுக்கென்று எழுந்து உட்காருவேன். எனக்குப் பின்னால் யாருமே உட்கார முடியாத ஒரு வண்டி வேண்டும். முன்னால் மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். இது பேராசை என்றால் பேராசையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

வேன்காரன் விஷயம். நான் நின்றது தப்பு இல்லை. அவன் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் தப்பு.

வீடு வாடகைக்கு இல்லை என்று தையல்காரம்மாவிடம் சொல்லியாயிற்று.

அம்மா


23 பிப்ரவரி

அம்மா,

சரி. மறைத்தேன். இந்த மாதக் கடைசியில் நேரில் வந்து சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால் ஒத்துக்கொள்வாய் என்று நினைத்தேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஒத்துக்கொள்கிறார்கள். என் அம்மா மட்டும் விதிவிலக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் நாள் எப்படி ஓடுகிறது என்று கேள். உன் மாப்பிள்ளை கப்பலில். வருகிறபோதுதான் வருகிறார், வந்தாலும் விருந்தாளி மாதிரி துண்டு எங்கே, சோப்பு எங்கே என்று கேட்கிறார். காலையில் வாண்டுவைக் குழந்தைகள் காப்பகத்தில் விட இரண்டு பஸ். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. ஷிப்ட் முடிந்து நான் போய்ச் சேருவதற்குள் காப்பகத்தைப் பூட்டுகிற நேரம் ஆகிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் எல்லாம் போனபிறகு வாண்டு மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காப்பகக்காரி போன வாரம் சொன்னாள்: "எனக்கும் வீடு வாசல் இருக்குங்க. அடுத்த மாசத்துல இருந்து லேட்டா வந்தா குழந்தைய வெச்சிக்க முடியாது." நான் என்ன செய்வது? வேலையை விடுவதா?

உன் பின்சீட்டுக் கதையைப் படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். உனக்குப் பின்னால் யாருமே உட்காரக் கூடாது. சரி. நான் என்றைக்கு உனக்குப் பின்னால் உட்கார்ந்தேன், சொல்?

ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் உன் பஸ்ஸில் போனார்கள். நான் வேறு பள்ளிக்கூடம், ஏனென்றால் உன் பள்ளியில் கட்டணம் கட்ட நம்மால் முடியாது. நான் கண் விழிப்பதற்கு முன்னால் நீ போய்விடுவாய். என் தலையைப் பின்னியது தையல்காரம்மா. பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்து போவேன். சில நாள் உன் பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போகும். ஹாரன்கூட அடிக்கமாட்டாய், பஸ் விதி. ஜன்னலில் இருந்து ஒரு பையன் நாக்கைத் துருத்துவான். மழையில் குடையோடு நின்று உன் பஸ்ஸைப் பார்த்திருக்கிறேன், அம்மா. பெரிய மஞ்சள் பஸ், உள்ளே விளக்கு எரியும், எல்லாரும் நனையாமல் இருப்பார்கள், ஓட்டுவது என் அம்மா.

ஊரார் பிள்ளைகளைச் சுமந்தாய். என் பிள்ளை என்று வரும்போது கதவே இல்லாத வண்டி வேண்டும் என்கிறாய். இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

மகள்


1 மார்ச்

மகளுக்கு,

பதில் வைத்திருக்கிறேன்.

உன்னை நான் பஸ்ஸில் ஏற்றியிருந்தால் மறுநாளே வேலை போயிருக்கும். உன் அப்பா செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹாரன் அடிக்காமல் போனபோது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீ அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு நாள் என் மேல் எறிவாய்.

உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதை உன் மகளுக்குச் செய்து கழிக்க வேண்டும் என்று எழுதுகிறாய். இல்லை. வாண்டுவைப் பார்க்க வருவேன், மடியில் வைத்துக் கொஞ்சுவேன், கெடுத்து வைத்துவிட்டுப் போவேன். டிரைவராக வரமாட்டேன்.

உனக்கு டிரைவர் வேண்டுமென்றால் நீ ஓட்டு. லைசென்ஸ் இருக்கிறது அல்லவா, எங்கே வைத்திருக்கிறாய், அரிசி டப்பாவுக்குள்ளா? கையும் காலும் கண்ணும் எல்லாம் ஒழுங்காக இருக்கிற பெண், பஸ்ஸில் மூன்று தடவை ஏறி இறங்கி அழுகிறாய்.

நேற்றோடு பஸ்ஸை ஒப்படைத்துவிட்டேன். பத்தாம் தேதி கார் வருகிறது.

அம்மா


12 மார்ச்

மகாராணிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் கட்டடத்துக் காவலாளியிடம் சாவியோடு சேர்த்துக் கொடுக்கிறேன். நீ ஷிப்டில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். உன் முகத்தை இப்போது பார்த்தால் என் வாயிலிருந்து வருவது நல்லதாக இருக்காது.

பத்தாம் தேதி ஷோரூமுக்குப் போனேன். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், அதை நினைத்தால்தான் அவமானமாக இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு கார் நிற்கிறது. வெள்ளி நிறம். ஐந்து கதவு. மூக்கில் ரிப்பன். வேறு யாருடையதோ என்று அதைத் தாண்டிப் போய் என்னுடையதைத் தேடினேன். சேல்ஸ்மேன் பின்னாலேயே வந்து, "இதாம்மா உங்களுது" என்றார்.

"என்னுது ஆரஞ்சு."

"உங்க பொண்ணு போன் பண்ணி மாத்திட்டாங்களேம்மா. டெஸ்ட் டிரைவ்ல இடிச்சதுக்கு அப்புறம் வீட்ல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டதா சொன்னாங்க."

வீட்டில் எல்லாரும். நம் வீட்டில் எல்லாரும் என்றால் யார், நீயும் உன் போனும்தானே? மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார், காபி வரவழைத்தார், உட்காரச் சொன்னார். "யார் பேரில் கார்?" என்று கேட்டேன். "உங்க பேர்லதான்மா." "யார் பணம்?" "உங்களுதுதான்." "அப்ப என்னை ஏன்யா ஒரு வார்த்தை கேக்கல?" அவர் குடிக்காத காபியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். நம்பர் பிளேட் மாட்டியாயிற்று, பதிவு முடிந்துவிட்டது, இனித் திருப்பி எடுக்க முடியாது என்றார். வித்தியாசத் தொகையைக் காசோலையாகக் கொடுத்தார்கள். அதுகூடத் தயாராக இருந்தது.

ஊரில் எத்தனை அம்மாக்கள் தங்கள் பிள்ளையை என் கையில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். என் வண்டியை நானே தேர்ந்தெடுப்பேன் என்று நம்ப என் மகள் ஒருத்திக்கு மனசு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் போன் பண்ணினாய். இதை நீ எனக்குச் செய்தாய். வேறு யார் செய்திருந்தாலும் அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டு வந்திருப்பேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருநாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா வந்து, "நல்லாத்தான இருக்கு, வெச்சிக்கோயேன்" என்றாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன். விடியற்காலையில் கிளம்பிவிட்டேன்.

வழி முழுக்க ஓட்டிப் பார்த்ததில் சொல்கிறேன், கார் நல்ல கார். பெட்ரோல் குடிக்கவே இல்லை. கிளட்ச் வெண்ணெய் மாதிரி. குலுக்கல் இல்லை. பின்கதவு அகலமாகத் திறக்கிறது, குழந்தை சீட்டு ஒரு தட்டில் உட்காரும். உன் தேர்வில் குறையே இல்லை. ஆள்தான் மாறிப்போச்சு. இது உனக்கு ஏற்ற கார், அதனால் நீ வைத்துக்கொள். உன் பெயருக்கு மாற்ற வேண்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு முன்பெட்டியில் வைத்திருக்கிறேன். கையுறை, டார்ச், துடைக்கிற துணி எல்லாம் டிக்கியில்.

நான் பஸ்ஸில் திரும்பிப் போகிறேன். எனக்கு இனிக் கார் இல்லை. கையில் இருப்பதில் சைக்கிள் வேண்டுமானால் வாங்கலாம். சமாதானம் சொல்லி எழுதாதே, கிழித்துப் போட்டுவிடுவேன்.

அம்மா


29 மார்ச்

அம்மா,

சமாதானம் சொல்லவில்லை. சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

வாசல் வரை வந்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போயிருக்கிறாய். காவலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா கீழயே உக்காந்து எழுதினாங்க, மேல போங்கன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க" என்றார். தானம் கேட்டேனா நான் உன்னிடம்? பெற்ற மகளை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. ஒரு காரையே எடுத்து முகத்தில் எறிகிற அம்மா வேறு யாருக்கு இருக்கிறாள்?

ஒரு வாரம் சாவியைத் தொடவில்லை. தினமும் அந்தக் காரைத் தாண்டிப் பஸ்ஸுக்கு நடந்தேன். வாண்டு, "பாட்டி காரு, பாட்டி காரு" என்று அதன் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்ப்பாள். நான் இழுத்துக்கொண்டு போவேன். காப்பகக்காரி சொன்ன கெடுவும் தாண்டிவிட்டிருந்தது. ஒரு சாயங்காலம் நான் போனபோது கதவில் பூட்டு. வாண்டுவைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கடைக்காரர் எடைபோடும் மேசை மேல் உட்கார வைத்திருந்தார். அவள் அழக்கூட இல்லை. "நீ வரமாட்டியோன்னு நெனச்சேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாவியை எடுத்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீ எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு நாள். மைதானத்தில், பள்ளியின் பழைய வேனில். நீ கத்திய கத்தில் நான் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். அதற்கப்புறம் டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் வாங்கியதோடு சரி, ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. பஸ் ஓட்டுகிறவளின் மகளுக்கு ஓட்டப் பயம் என்று வெளியே சொல்ல வெட்கம்.

வண்டி ஆறு ஏழு தடவை நின்றது. கட்டடத்துப் பையன்கள் பால்கனியில் நின்று கைதட்டினார்கள். தினமும் ஷிப்டுக்குப் போகும் முன் விடிகாலையில் சுற்றிச் சுற்றி வந்தேன். காவலாளிதான் கையைக் காட்டி, "ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும்" என்று கத்தினார். இந்த வாரம் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து காப்பகத்துக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். காப்பகக்காரி வாசலில் பூட்டோடு நின்றிருந்தாள். பூட்டும் நேரத்துக்குள் நான் வந்து நின்றதைப் பார்த்து, அவள் பூட்டைக் கைப்பையில் போட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, அவளுக்குக் காரணம் புரியவில்லை.

நீ வரத் தேவையில்லை, அம்மா. இதை எழுதுவதற்கு எனக்கு எவ்வளவு கோபமாக இருக்கிறது தெரியுமா? நீ இல்லாமல் முடியும் என்று தெரிந்ததில் கோபம். அதை நீ முதலிலேயே சொன்னதில் அதைவிடக் கோபம்.

ஷோரூமுக்குப் போன் பண்ணினேன். மேனேஜரிடம் பேசினேன். "வீட்ல எல்லாரும் பேசல. நான் மட்டும்தான் பேசினேன். எங்கம்மாவக் கேக்காம பேசினேன்" என்று சொன்னேன். அவர், "சரி மேடம், சரி மேடம்" என்றார். உன் பெயருக்கு எதிரே இருந்த என் நம்பரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். இனி அவர்கள் எதற்காகவும் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

நான் தேர்ந்தெடுத்த காருக்கு நான்தான் விலை கொடுக்க வேண்டும். உன் மாப்பிள்ளையிடம் பேசினேன். வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க என்று ஒதுக்கி வைத்திருந்ததை முழுக்க உன் கணக்கில் போட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் நானும் உன் கடிதங்களைக் கிழித்துப் போடுவேன். என்ன வண்டி வாங்குவாயோ, எந்த நிறத்தில் வாங்குவாயோ, எனக்குச் சொல்ல வேண்டாம். நானும் கேட்கப் போவதில்லை.

மழையில் நின்றதை எழுதினேனே, அதை வாபஸ் வாங்கமாட்டேன். அது நடந்தது.

மகள்


22 ஏப்ரல்

மகளுக்கு,

பணம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை. உன் வீட்டுக் கடன் இன்னும் கொஞ்ச நாள் நீளும், நீளட்டும், உனக்கு இரண்டு கை இருக்கிறது.

மழையில் நின்றது நடந்ததுதான். அதை வாபஸ் வாங்கு என்று நான் கேட்கவில்லை.

நீ போன் பண்ணியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை கோபம் வருகிறது, கார் துடைக்கும்போது ஒரு தடவை. முன்பு நாள் முழுக்க வந்தது. அவ்வளவுதான் இப்போதைக்கு என்னால் முடிந்தது.

வண்டி ஓட்டுகிறாய் என்று படித்ததும் தையல்காரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளுக்கு வாசித்தும் காட்டினேன், காவலாளி கத்தியது வரைக்கும். வலப்பக்கம் திரும்பும்போது முன்கண்ணாடி ஓரத்துக் கம்பத்துக்குப் பின்னால் சைக்கிள்காரன் மறைந்து போவான், தலையை நீட்டிப் பார். இது சொல்லிக்கொடுப்பது இல்லை, சும்மா சொல்கிறேன்.

வாண்டுவைப் பார்க்க வருவேன். தேதி கேட்காதே. சொல்லிவிட்டு வரமாட்டேன்.

இவ்வளவு வருஷமும் நான் எந்த நேரத்தில் எந்தத் தெருமுனையில் இருப்பேன் என்று ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும். மணியைப் பார்த்தால் போதும், அம்மா இப்போது தபால் நிலையத்தைத் தாண்டியிருப்பாள் என்று நீ சின்ன வயதில் தையல்காரம்மாவிடம் சொல்வாயாம். இந்தக் கடிதத்தை ஒரு மலைப்பாதையின் வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு, மடியில் வைத்து எழுதுகிறேன். எஞ்சின் இன்னும் சூடாக இருக்கிறது. எந்த மலை, எந்த ஊர், எப்போது திரும்புவேன், ஒன்றும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

அம்மா